நீர்க்கடுப்பு: சூடுன்னு சொல்லியே தள்ளிப்போடுற வலி

வணக்கம் நேயர்களே. என்னை இங்க பேசக் கூப்பிட்டப்போ என்ன தலைப்புல பேசுறீங்கன்னு கேட்டாங்க, நான் நீர்க்கடுப்புன்னு சொன்னேன், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "மேடம், வீட்ல எல்லாரும் உக்காந்து கேப்பாங்களே, அதைப் பேசலாமா"ன்னு தயங்கித் தயங்கிக் கேட்டாங்க. எல்லாரும் உக்காந்து கேக்குறாங்கங்கிறதாலதான் பேசணும்னு சொன்னேன். நான் மதுரையில 22 வருஷமா பொது மருத்துவம் பாக்குறேன். காய்ச்சல், சளின்னா வாசல்லயே சத்தமா சொல்லுவாங்க. இந்த வலியை மட்டும் யாரும் வந்தவுடனே சொல்ல மாட்டாங்க. தலைவலின்னு டோக்கன் போட்டு உள்ள வந்து, பிரஷர் எல்லாம் பாத்து முடிச்சு எந்திரிச்சு, கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி "டாக்டர், இன்னொண்ணு"ம்பாங்க. அந்த இன்னொண்ணுக்காகத்தான் வந்திருப்பாங்க.

போன சித்திரையில ஒரு பொண்ணு வந்துச்சு, 23 வயசு இருக்கும், விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில வேலை. கூட வேலை பாக்குறவங்க ரெண்டு பேர் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தாங்க. உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது, குளிர் ஜுரம், வலது பக்க விலாவுக்குக் கீழ முதுகுல கையே வைக்க விடல. ரெண்டு கால் கட்டைவிரல் நகத்துலயும் சுண்ணாம்பு காஞ்சு போய் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அதைப் பாத்ததும் எனக்குப் புரிஞ்சு போச்சு. எத்தனை நாளாம்மா எரிச்சல்னு கேட்டா அஞ்சு நாளாம். சூடுன்னு சொல்லி அம்மா போன்லயே சுண்ணாம்பு வைக்கச் சொல்லி, தொப்புள்ல விளக்கெண்ணெய் விடச் சொல்லி, வெந்தயம் முழுங்கச் சொல்லி, எல்லாம் செஞ்சு பாத்துட்டு நாலாவது நாள் மெடிக்கல்ல போய் நீர்க்கடுப்புக்கு மாத்திரை குடுங்கன்னு கேட்டு ரெண்டு மாத்திரை போட்டிருக்கு, அஞ்சாவது நாள் கிட்னி வரைக்கும் கிருமி ஏறிடுச்சு. ஆஸ்பத்திரியில சேத்து ஊசி போட்டு நல்லபடியா எந்திரிச்சிருச்சு, அதுல சந்தோஷம். ஆனா அந்த அஞ்சு நாள்தான் என் மனசை விட்டுப் போகல.

அந்த அம்மாவை நான் குறை சொல்ல வரலங்க. சூடுங்கிறதுல பாதி உண்மை இருக்கு. நம்ம ஊர் வெயில்ல தண்ணி குடிக்காம திரிஞ்சா மூத்திரம் குறைஞ்சு கெட்டியாகி மஞ்சளா போகும், போற வழியில சுள்ளுனு எரியத்தான் செய்யும். அதுக்கு மோர், இளநீர், பார்லிக் கஞ்சி, பானைத் தண்ணி இதெல்லாம் நல்லா கேக்கும், ஏன்னா எல்லாத்துலயும் இருக்கிறது தண்ணி. அன்னைக்கே, மிஞ்சிப் போனா மறுநாளே சரியாயிடும். பிரச்சினை எங்க வருதுன்னா, நல்லா தண்ணி குடிச்சும் ஒரு நாள் தாண்டி எரிச்சல் நிக்கலைன்னா அது வேற ஏதோ. அதுக்கு மேலயும் சூடு சூடுன்னு சொல்லிக்கிட்டு இருக்கும்போதுதான் நாள் போயிடுது. சுண்ணாம்பு கால் நகத்துல இருக்கு, கிருமி மூத்திரப்பையில இருக்கு, ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

பெரும்பாலான பொம்பளைங்களுக்கு வர்ற நீர்க்கடுப்பு மூத்திரப்பையில வர்ற கிருமித் தொற்றுதான், யூரின் இன்ஃபெக்‌ஷன்னு எல்லாரும் சொல்றது. அதுல பத்துல ஏழெட்டு பேருக்குக் காரணம் ஈ.கோலைன்னு ஒரு பாக்டீரியா, அது வெளியூர்ல இருந்து வர்றதில்ல, நம்ம குடலுக்குள்ளயே எப்பவும் இருக்கிறது, மலம் போற வழியில இருந்து மூத்திரம் போற வழிக்கு வந்துடுது. பொம்பளைங்களுக்கு அந்த மூத்திரக் குழாய் நீளம் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர், ஆம்பளைங்களுக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். கிருமிக்கு இங்க நாலு எட்டு, அங்க இருபது எட்டு, அவ்வளவுதான் வித்தியாசம். அதனாலதான் உலகத்துல பாதிப் பொம்பளைங்களுக்கு வாழ்க்கையில ஒரு தடவையாவது இது வருது. இதைக் கேக்குற அக்கா தங்கச்சிங்க கிட்ட நான் கெஞ்சிக் கேக்குறேன், இது வந்தா சுத்தமில்லாதவ, நடத்தை சரியில்லாதவன்னு அர்த்தமே கிடையாது. உடம்போட அமைப்பு அப்படி. கல்யாணமான புதுசுல அடிக்கடி வரும், தாம்பத்தியத்துக்கு அப்புறம் வரும், ஏன்னா அந்த நேரத்துல கிருமி உள்ள தள்ளப்படுது. முடிஞ்சதும் எந்திரிச்சுப் போய் ஒரு தடவை மூத்திரம் போயிட்டு வந்தா உள்ள வந்ததுல கொஞ்சமாவது அடிச்சுக்கிட்டு போயிடும். இதைச் சொல்லிக்குடுக்க வீட்ல ஆள் இல்லாமலே எத்தனையோ பொண்ணுங்க மாசத்துக்கு ஒரு தடவை வலியில துடிக்குதுங்க.

வலி எங்க இருக்குன்னு நான் முதல்ல கேப்பேன். அடிவயித்துல உள்ளுக்குள்ள கடுத்து, ஒரு சொட்டு ரெண்டு சொட்டா போய், போயிட்டு வந்த உடனே திரும்பப் போகணும்போல இருந்தா மூத்திரப்பை. உள்ள ஒண்ணும் இல்ல, மூத்திரம் வெளியில தோல்ல படும்போதுதான் எரியுதுன்னா அது பெரும்பாலும் பிறப்புறுப்புல வர்ற பூஞ்சைத் தொற்றோ புண்ணோ. தயிர் திரிஞ்ச மாதிரி வெள்ளைப்படுதல், அரிப்பு இருந்தா பூஞ்சை, அதுக்கு ஆன்டிபயாடிக் போட்டா கேக்காது, இன்னும் மோசமாத்தான் ஆகும், ஏன்னா அங்க காவல் காக்குற நல்ல பாக்டீரியாவும் சேந்து செத்துப் போயிடும். வெள்ளைப்படுதல் நாத்தமா, பச்சை மஞ்சளா இருந்தா அது வேற தொற்று, அதுக்கு மருந்து வேற. எல்லாத்துக்கும் ஒரே மாத்திரை குடுத்தா எப்படிங்க சரியாகும்?

மாதவிடாய் நின்ன அம்மாக்களுக்கு இது திரும்பத் திரும்ப வரும். ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சு அந்த இடம் வறண்டு மெலிஞ்சு போறதால அந்த நல்ல பாக்டீரியாவும் குறைஞ்சிடுது. அதுக்கு உள்ள தடவுற ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கு, டாக்டர் பாத்து எழுதிக்குடுத்தா திரும்ப வர்றது நல்லாவே குறையும். 60 வயசுக்கு மேல இதுக்கெல்லாம் டாக்டர்ட்ட போவாங்களான்னு நினைக்கிற அம்மாக்கள்தான் அதிகம். போங்கம்மா.

கர்ப்பமா இருக்கிறவங்க விஷயம் தனி. எரிச்சலே இல்லாம கூட மூத்திரத்துல கிருமி வளரும், கிட்னிக்கு ஏறினா தாய்க்கும் ஆபத்து, குறைமாசப் பிரசவத்துக்கும் அது ஒரு காரணம், அதான் முதல் செக்கப்லயே யூரின் டெஸ்ட் எடுக்கச் சொல்றது, அதைத் தட்டிக்கழிக்காதீங்க. இன்னொரு பக்கம், கர்ப்பம் இல்லாத ஒருத்தருக்கு, முக்கியமா வயசானவங்களுக்கு, எரிச்சல் காய்ச்சல் எதுவும் இல்லாம ரிப்போர்ட்ல மட்டும் கிருமின்னு வந்தா அதுக்குப் பெரும்பாலும் மருந்தே தேவையில்ல. பேப்பரைப் பாத்து மாத்திரை போடக்கூடாது, ஆளைப் பாத்துப் போடணும்.

சுகர் இருக்கிறவங்களுக்கு நான் ரெண்டு வார்த்தை கூடுதலா சொல்லணும். மூத்திரத்துல சர்க்கரை போனா பூஞ்சைக்கு விருந்து. இப்போ சுகருக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்னு மாத்திரை நிறைய பேர் சாப்பிடுறீங்க, இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்ல மருந்து, அது வேலை செய்றதே சர்க்கரையை மூத்திரத்துல வெளியேத்தித்தான், அதனால அந்த இடத்துல அரிப்பும் எரிச்சலும் சிலருக்கு வரும். ஆம்பளைங்களுக்கு முன்தோல் வெடிச்சு, வீங்கி, பின்னால தள்ள முடியாம போகும். மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்ட்ட சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் தண்ணி விட்டுக் கழுவி ஈரம் இல்லாம துடைச்சு வச்சாலே நிறைய குறையும். சுகரே இல்லன்னு நினைச்சுக்கிட்டு இருந்த ஆளு முன்தோல் வெடிப்புக்காக வந்து, டெஸ்ட் எடுத்தா சுகர் 300ன்னு நான் கண்டுபிடிச்சது எத்தனையோ தடவை.

ஆம்பளைங்க கிட்ட வர்றேன். பொம்பளைங்களாவது கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து சொல்லுவாங்க, ஆம்பளைங்க பல பேர் கதவைத் தாண்டியே போயிடுவாங்க. 50 வயசுக்குக் கீழ இருக்கிற ஆம்பளைக்குச் சாதாரண யூரின் இன்ஃபெக்‌ஷன் வர்றது அபூர்வம், அதனால எரிச்சல்னு வந்தா ஏன்னு தேடித்தான் ஆகணும். மூத்திரப்பைக்குக் கீழ நெல்லிக்காய் அளவுல புராஸ்டேட்னு ஒரு சுரப்பி இருக்கு, அதுல கிருமி போனா காய்ச்சல், குளிர், விதைப்பைக்கும் மலவாய்க்கும் நடுவுல உக்கார முடியாத வலி, மூத்திரம் பிரியாம முக்கணும். அதுக்கு மூணு நாள் மாத்திரை பத்தவே பத்தாது, ரெண்டு வாரத்துல இருந்து நாலு வாரம் வரைக்கும் மருந்து சாப்பிடணும். பாதியில விட்டா திரும்ப வரும். சிலருக்குக் கிருமியே இல்லாம மாசக்கணக்குல அந்த இடத்துல வலி நிக்கும், அதையும் மனப்பிரமைன்னு யாரும் தள்ளிவிடக்கூடாது, அது உண்மையான வலி, அதுக்கு வேற வைத்தியம் இருக்கு.

50 தாண்டினவங்களுக்குப் புராஸ்டேட் பெருசாகி வழியை நெருக்கும், மூத்திரம் முழுசா வெளியேறாம தேங்கும், தேங்குன தண்ணியில கிருமி வளரும். ராத்திரி நாலு தடவை எந்திரிக்கிறது, வேகம் இல்லாம சொட்டுறது, இதெல்லாம் வயசானா அப்படித்தான்னு விட்டுடறாங்க. மாத்திரை இருக்கு, தேவைப்பட்டா வயித்தைக் கிழிக்காம குழாய் வழியாவே செய்ற ஆபரேஷன் இருக்கு.

இளவட்டப் பசங்களுக்கு எரிச்சலோட நுனியில சீழ் மாதிரி வந்தா அது உடலுறவு மூலமா வர்ற கொனோரியா, கிளமிடியா மாதிரி தொற்றா இருக்கலாம். கொனோரியா பெரும்பாலும் ரெண்டு நாள்ல இருந்து அஞ்சு நாளுக்குள்ள தெரியும், கிளமிடியா ஒண்ணுல இருந்து மூணு வாரம் கழிச்சு, சிலருக்குத் தெரியவே தெரியாது. ரெண்டுமே முழுசா குணமாகுற நோய்தான் தம்பி, ஆனா துணைக்கும் சேத்து வைத்தியம் பண்ணணும், இல்லன்னா மாத்தி மாத்தி ரெண்டு பேருக்கும் வந்துக்கிட்டே இருக்கும், அந்தப் பொண்ணுக்குக் கருக்குழாய் அடைச்சுப் பிள்ளை இல்லாம போற வரைக்கும் போகலாம். அரசு மருத்துவமனைகள்ல இதுக்குன்னே சுகவாழ்வு மையம் இருக்கு, காசு கிடையாது, சொன்னது வெளிய போகாது. பரம்பரை வைத்தியம்னு சுவத்துல போஸ்டர் ஒட்டுறாங்களே, அங்க போய்ப் பணத்தையும் விட்டு நோயையும் முத்த விட்டுட்டு வர்ற பசங்களைப் பாக்கும்போது வயிறு எரியுது.

கல்லு, அது ஆணுக்கும் வரும் பெண்ணுக்கும் வரும். கிட்னியில இருந்து இறங்குற கல்லு மூத்திரப்பைக்கு வாசல்ல வந்து நின்னா அச்சு அசல் நீர்க்கடுப்பு மாதிரியே இருக்கும், முதுகுல இருந்து தொடை இடுக்கு வரைக்கும் இழுத்துப் பிடிக்கிற வலி வந்தா ஒரு ஸ்கேன் எடுக்கணும். இன்னொண்ணு, ரிப்போர்ட்ல சீழ் செல் நிறைய இருக்கு, ஆனா கல்ச்சர்ல, அதாவது மூத்திரத்துல இருக்கிற கிருமியை லேப்ல வளத்துப் பாக்குற டெஸ்ட்ல, கிருமியே வளரல, மருந்து குடுத்தும் மாசக்கணக்கா எரிச்சல் நிக்கலன்னா நம்ம நாட்டுல டிபியை நினைச்சே ஆகணும். டிபி நுரையீரல்ல மட்டும் வர்றதில்ல, கிட்னியிலயும் மூத்திரப்பையிலயும் வரும், சாதாரண கல்ச்சர்ல அது தெரியாது, தனியா டெஸ்ட் கேக்கணும். மூத்திரத்துல ரத்தம் போய், வலியே இல்லன்னா அதுவும் நிம்மதிப்படுற விஷயம் இல்ல, முக்கியமா பீடி சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு, மூத்திரப்பைப் புத்துநோய் அப்படித்தான் தலைகாட்டும்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது எப்போன்னா, எரிச்சலோட குளிர் ஜுரம், முதுகு விலாப்பக்கம் வலி, வாந்தி, மூத்திரம் அடைச்சுக்கிட்டு வராம போறது, கர்ப்பிணிக்கு எரிச்சல், சின்னக் குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல். இதுக்கெல்லாம் காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க.

இப்போ யூரின் டெஸ்ட். என்னைக் கேட்டா இன்னைக்குப் பேச வந்ததே இதுக்காகத்தான். மாத்திரை போடுறதுக்கு முன்னாடி சாம்பிள் குடுக்கணும். ஒரு மாத்திரை உள்ள போயிட்டாலும் கல்ச்சர் ரிசல்ட் குழம்பிடும், அந்த ஜவுளிக்கடைப் பொண்ணுக்கு ஆனது அதுதான், மெடிக்கல்ல வாங்கிப்போட்ட ரெண்டு மாத்திரையால முதல் கல்ச்சர்ல ஒண்ணும் வளரல, எந்தக் கிருமின்னே தெரியாம நாங்க இருட்டுல மருந்து குடுக்க வேண்டியதாப் போச்சு. சாம்பிள் எப்படிப் பிடிக்கணும்னா, கையைக் கழுவிட்டு, அந்த இடத்தை வெறும் தண்ணியில கழுவிட்டு, முதல்ல வர்றதைக் கொஞ்சம் கீழ விட்டுட்டு, நடுவுல வர்றதை லேப்ல குடுக்குற சுத்தமான பாட்டில்ல பிடிக்கணும், பாட்டில் உள்பக்கம் விரல் படக்கூடாது. வீட்ல இருக்கிற தைல பாட்டில், ஊறுகாய் பாட்டில் எல்லாம் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். பேரும் பிடிச்ச நேரமும் எழுதி ஒரு மணி நேரத்துக்குள்ள லேப்ல சேத்துடணும், முடியலன்னா ஃப்ரிட்ஜ்ல வைங்க, வெயில்ல வண்டியில வச்சா ஒரு கிருமி ஒரு லட்சமாப் பெருகி நிக்கும். அந்த ஒரு லட்சம்ங்கிற கணக்கு உங்க ரிப்போர்ட்லயே இருக்கும், ஒரு மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல கிருமி இருந்தா அது உண்மையான தொற்றுன்னு 1956ல காஸ்னு ஒரு அமெரிக்க டாக்டர் சொன்னது, இன்னைக்கும் லேப்ல அதை வச்சுத்தான் பாக்குறாங்க, ஆனா எரிச்சல் இருக்கிற பொம்பளைக்கு அதைவிடக் கம்மியா இருந்தாலும் தொற்றாத்தான் எடுத்துக்கணும்.

மருந்துக்கு வர்றேன். மூத்திரப்பையோட நிக்கிற சாதாரணத் தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டாயின்னு ஒரு பழைய மருந்து, 5 நாள் சாப்பாட்டோட சாப்பிடணும், மூத்திரம் காப்பிக் கலர்ல போகும், பயப்படாதீங்க. இல்லன்னா ஃபாஸ்ஃபோமைசின், 3 கிராம் பவுடர், தண்ணியில கலக்கி ஒரே தடவை குடிக்கிறது. இந்த ரெண்டும் மூத்திரப்பைக்குத்தான், கிட்னிக்கு ஏறினதுக்கு நைட்ரோஃபுரான்டாயின் உதவாது, புராஸ்டேட்டுக்கும் உதவாது, கிட்னி பலவீனமா இருக்கிறவங்களுக்கும் பிரசவம் நெருங்கினவங்களுக்கும் குடுக்கக்கூடாது. அதனாலதான் பேரைக் கேட்டு நீங்களே போய் வாங்காதீங்கன்னு சொல்றேன். அப்புறம் நீர்க்கடுப்புக்குன்னு குடிக்கிறாங்களே அந்த பிங்க் கலர் சிரப், எரிச்சலைக் குறைக்கும், கிருமியைக் கொல்லாது, அதோட மூத்திரத்தோட புளிப்பை மாத்துறதால நைட்ரோஃபுரான்டாயின் வேலையைக் கெடுக்கவும் செய்யும். ரெண்டையும் சேத்து சாப்பிட்டுட்டு மருந்து கேக்கலன்னு வர்றாங்க.

நம்ம ஊர்ல நடக்குறது என்னன்னா, மெடிக்கல்ல போய் "அண்ணே, நீர்க்கடுப்பு"ன்னு சொன்னா நார்ஃப்ளாக்ஸசின் நாலு மாத்திரை வெட்டிக் குடுப்பாங்க, ரெண்டு நாள்ல எரிச்சல் நின்னதும் மிச்சத்தை அலமாரியில வச்சு அடுத்த மாசம் நாத்தனாருக்குக் குடுப்பாங்க. பல வருஷம் இப்படிச் செஞ்சு செஞ்சுதான் அந்த வகை மாத்திரைகளுக்கு ஈ.கோலை பழகிப் போச்சு, இப்போ நம்ம நாட்டு கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பாத்தா அந்த மருந்துக்கு நேரா ரெசிஸ்டன்ட்னு போட்டிருக்கிறதுதான் அதிகம். 2012ல சென்னையில டாக்டர்கள் சங்கங்கள் எல்லாம் கூடி சென்னைப் பிரகடனம்னே ஒண்ணு வெளியிட்டாங்க, ஆன்டிபயாடிக்கைச் சீட்டு இல்லாம விக்கிறதை நிறுத்தணும்னு, அப்புறம் 2014 மார்ச் 1ல இருந்து செஃபிக்ஸிம் மாதிரி மருந்துகளை எச்1 பட்டியல்ல போட்டு, சீட்டைப் பாத்து ரிஜிஸ்டர்ல எழுதித்தான் விக்கணும்னு சட்டம் வந்துச்சு. அட்டையில சிவப்புக் கோடு போட்டிருப்பாங்க பாருங்க, அந்தக் கோடு இருந்தா அது நீங்களா வாங்குற மருந்து இல்ல.

திரும்ப அந்தப் பொண்ணுகிட்ட வர்றேன். ஆஸ்பத்திரியில ஜுரம் இறங்கினப்புறம் பக்கத்துல உக்காந்து கேட்டேன், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணிம்மா குடிக்கிறேன்னு. காலையில வீட்ல ஒரு டம்ளர், மத்தியானம் சாப்பாட்டோட ஒரு டம்ளர், அவ்வளவுதான். ஏன்னு கேட்டா, பாத்ரூம் மேல அஞ்சாவது மாடியில இருக்கு, போறதுக்கு சூப்பர்வைசர்ட்ட சொல்லிட்டுப் போகணும், அவர் ஆம்பளை, பத்து நிமிஷம் ஆனா எங்க போனேன்னு எல்லார் முன்னாடியும் கேப்பார், அதனால தண்ணி குடிக்காம இருந்தா போக வேண்டியதில்லன்னு சேந்த புதுசுலயே அக்காங்க சொல்லிக்குடுத்தாங்களாம். காலையில 9:30க்கு நின்னா ராத்திரி 9 மணி. நான் எழுதிக்குடுக்குற எந்த மருந்தும் இதுக்கு மருந்து இல்லைங்க. தண்ணி குடிச்சு அடிக்கடி மூத்திரம் போறதுதான் உள்ள வந்த கிருமியை வெளிய அடிச்சுத் தள்ளுற முக்கியமான வழி, அதையே ஒரு பொண்ணுக்கு அடைச்சு வச்சா என்ன ஆகும்? 2018ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, பல்கேரியாவுல, அடிக்கடி யூரின் இன்ஃபெக்‌ஷன் வர்ற, தண்ணி கம்மியா குடிக்கிற 140 பெண்களை எடுத்து, பாதிப் பேரை வழக்கத்தை விட ஒன்றரை லிட்டர் கூடுதலா தண்ணி குடிக்க வச்சாங்க. ஒரு வருஷத்துல மத்தவங்களுக்குச் சராசரியா 3.2 தடவை வந்துச்சு, தண்ணி குடிச்சவங்களுக்கு 1.7 தடவை. வெறும் தண்ணி, வேற ஒண்ணும் இல்ல. இதயம், கிட்னி பலவீனமா இருக்கிறவங்க மட்டும் அளவை டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க.

2021ல நம்ம தமிழ்நாட்டுல கடை ஊழியர்கள் உக்கார்றதுக்கு நாற்காலி போடணும்னு சட்டத்தையே திருத்தினாங்க, எத்தனை வருஷம் நின்னு நின்னு கால் நரம்பு சுருண்டப்புறம் வந்த சட்டம் அது, நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கடை வச்சிருக்கிற அண்ணாச்சிங்க, முதலாளிமாருங்க யாராவது இதைக் கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா உங்க கடையில பொண்ணுங்க பாத்ரூம் எந்த மாடியில இருக்கு, அதுல தண்ணி வருதா, தாழ்ப்பாள் இருக்கா, போறதுக்கு யார்ட்ட அனுமதி கேக்குறாங்கன்னு நாளைக்குப் போனதும் நீங்களே ஒரு தடவை ஏறிப் பாருங்க. டீச்சருங்க, ஸ்கூல்ல பாத்ரூம் போகணும்னு எந்திரிக்கிற பிள்ளையை உக்காருன்னு சொல்லாதீங்க.

போன மாசம் அதே பொண்ணு என் கிளினிக்குக்கு வந்துச்சு. அதுக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கு, கையில தண்ணி பாட்டில் இருந்துச்சு. கூட வேலை பாக்குற ரெண்டு பொண்ணுங்களைக் கூட்டிட்டு வந்திருந்துச்சு, ரெண்டுக்கும் முதல் நாள் ராத்திரியில இருந்து எரிச்சல். டோக்கன் போடுற இடத்துலயே நீர்க்கடுப்புன்னு சத்தமா சொல்லி எழுத வச்சிருக்கு. மாத்திரை ஏதும் போட்டீங்களான்னு நான் கேக்குறதுக்குள்ள, "இல்ல டாக்டர், நான் போட விடல"ன்னு சொல்லிட்டு ரெண்டு சாம்பிள் பாட்டிலை மேசையில வச்சுச்சு. ரெண்டுலயும் பேரும் நேரமும் எழுதியிருந்துச்சு, காலையில 8:10, 8:15.